அந்தமான் போகிற பையில் எந்த லென்ஸ்? நான்கு கூட்டணிகள், ஒரு ஒப்பீடு

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த ஒரே கேள்விதான். "அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு. கையில 18-55 இருக்கு, 55-250 இருக்கு. வைடு ஒண்ணு வாங்கட்டுமா? இல்ல, ரெண்டையும் வித்துட்டு ஒரே ஜூமா வாங்கிடட்டுமா?" சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேர விமானப் பயணம். லென்ஸ் யோசனை மட்டும் இரண்டு மாதம் ஓடும்.

நான் மூன்று முறை போய் வந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு லென்ஸோடு. முதல் முறை நிறையத் தூக்கிக்கொண்டு போய்ச் சொதப்பினேன். இரண்டாம் முறை பயந்துபோய் ஒன்றே ஒன்று. மூன்றாம் முறை என்ன செய்தேன் என்பது பின்னால் வரும்.

இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுக்கானவை. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது அதுதான். அதைவிடப் பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் மிமீயை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 18-55 என்பது லென்ஸின் மிமீ கணக்கு: எண் சின்னதானால் அகலமாகப் பார்க்கும் (வைடு), பெரிதானால் தூரத்தை இழுக்கும் (டெலி). எஃப் எண் சின்னதானால் லென்ஸின் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம்.

## எதை வைத்து அளப்பது?

கடையில் நாம் கேட்பது மிமீ எவ்வளவு, எஃப் எவ்வளவு, விலை எவ்வளவு. தீவுக்கு அந்த வரிசை சரிப்பட்டு வராது. என் வரிசை வேறு.

எத்தனை தடவை கழற்ற வேண்டியிருக்கும்? இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், ராதாநகர் கடற்கரை மணல் நம் மெரினா மணல் மாதிரி பருபருவென்று இருக்காது. பொடி உப்பு மாதிரி இருக்கும். காற்றில் கடல் திவலையும் சேர்ந்து வரும். முதல் பயணத்தில் அங்கே ஒரு மஹுவா மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, 18-55ஐக் கழற்றி 55-250ஐ மாட்டினேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது. ஊருக்கு வந்து கணினியில் பார்த்தால், அதற்குப் பிறகு எடுத்த எல்லா வானத்திலும் இடது மூலையில், அதே இடத்தில், ஒரு சாம்பல் புள்ளி. எஃப்/4-ல் எடுத்த படங்களில் தெரியவில்லை. எஃப்/11-க்குப் போனால் கொசு உட்கார்ந்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது. ஜூம் வளையத்தைத் திருப்பினால் அம்மியில் எதையோ அரைக்கிற சத்தம் வேறு.

வெளிச்சம் எந்த நேரத்தில்? அந்தமான் நம் கடிகாரத்தையே பின்பற்றுகிறது. ஆனால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னாலேயே உதித்து மறைகிறது. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடும். காலை ஏழிலிருந்து மாலை மூன்றரை வரை வெயில் கொட்டும். அந்த நேரத்தில் லென்ஸ் எஃப்/1.8 ஆக இருந்தால் என்ன, எஃப்/5.6 ஆக இருந்தால் என்ன? எப்படியும் எஃப்/8-ல்தான் எடுக்கப் போகிறீர்கள். காசு கொட்டி வாங்கிய பெரிய துவாரத்துக்கு வேலை வருவது விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம், அப்புறம் குகை, காட்டு நிழல், ராத்திரிச் சாப்பாடு. அவ்வளவுதான்.

நனைந்தால் எவ்வளவு போகும்? எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் போனால் முழங்கால் தண்ணீரில் இறங்க நேரிடலாம், பை தோளில் இருக்கும். அப்போது எழுபதாயிரம் ரூபாய் லென்ஸ் ஒரு மனநிலையைத் தரும், பத்தாயிரம் ரூபாய் லென்ஸ் வேறொரு மனநிலையைத் தரும்.

யாரோடு போகிறீர்கள்? இதைப் பட்டியலில் சேர்க்க வைத்தது என் மனைவி. "ஏங்க, எல்லாரும் தண்ணியில இருக்கோம். நீங்க மட்டும் கரையில பையைக் காவல் காத்துக்கிட்டு நிக்கிறீங்க." மூன்று லென்ஸ் உள்ள பையைக் கரையில் போட்டுவிட்டுக் கடலில் இறங்க முடியாது. ஒரே லென்ஸ் மாட்டிய கேமரா என்றால் அறையிலேயே பூட்டிவிட்டுக்கூடப் போகலாம்.

எடையும் உண்டு. விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான் கணக்கு, லென்ஸைச் சரக்குப் பெட்டியில் போட மனசு வராது. ஆனால் கீழே உள்ள நான்குமே முக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடுவதால் எடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

## கூட்டணி 1: கிட் லென்ஸும் ஒரு சின்ன பிரைமும்

கேமராவோடு வந்த 18-55, கூட ஒரு 50 மிமீ எஃப்/1.8 பிரைம், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வழி என்று இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலில் எஃப்/8-ல் கிட் லென்ஸ் எடுக்கும் கடலுக்கும் விலை உயர்ந்த லென்ஸ் எடுக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தை, வாட்ஸப்பில் பார்க்கப்போகும் உங்கள் சித்தப்பா கண்டுபிடிக்கப் போவதில்லை.

அந்தியில் பிரைம் தன் வேலையைக் காட்டும். 55 மிமீயில் கிட் லென்ஸின் துவாரம் எஃப்/5.6. அதோடு ஒப்பிட்டால் எஃப்/1.8 உள்ளே விடும் வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. கேனானின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் வெறும் 160 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? ஏபிஎஸ்-சியில் 50 என்பது பார்வைக்கு 75, 80 மிமீ மாதிரி. முகத்துக்கு அருமை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் எதிரே இருப்பவரை எடுக்க நாற்காலியைப் பின்னால் தள்ளவேண்டும், கடற்கரையில் குடும்பம் முழுவதையும் எடுக்கப் பின்னால் நடந்துகொண்டே போய் அலைக்குள் நிற்க வேண்டும். இதற்காக வாங்குவதாக இருந்தால் 50-க்குப் பதில் 35 வாங்குங்கள். ஏற்கெனவே 50 இருந்தால் அதையே கொண்டுபோங்கள், புதிதாக வாங்கவேண்டாம்.

பறவை, தூரத்துப் படகு இதெல்லாம் கிடைக்காது. முதல் அந்தமான் பயணம், சின்னக் குழந்தைகள், செலவு ஏற்கெனவே கையைக் கடிக்கிறது என்றால் இதுவே போதும். போனால் போகட்டும் என்ற தைரியம் இருப்பதால் தண்ணீருக்கு நெருங்கிப் போவீர்கள். நல்ல படங்கள் அங்கேதான் இருக்கின்றன.

## கூட்டணி 2: ஒரே ஜூம்

கூட்டணியே இல்லை, தனித்துப் போட்டி. இதில் இரண்டு வகை இருக்கிறது. சோனி 18-135 (325 கிராம்), கேனான் ஆர்எஃப்-எஸ் 18-150 (310 கிராம்), நிக்கான் இசட் டிஎக்ஸ் 18-140 (315 கிராம்) போன்ற சின்னவை ஒரு வகை. டாம்ரான் 18-300 (620 கிராம்) மாதிரி நீளமானது இன்னொரு வகை.

கழற்றும் தடவை பூஜ்யம். என் இரண்டாவது பயணம் இப்படித்தான். ராஸ் தீவில் இடிந்த பிரிட்டிஷ் கட்டடச் சுவரை ஆலமர வேர்கள் பின்னிப் பிடித்திருப்பதை 18-ல் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சலசலப்பு. திரும்பினால் ஒரு புள்ளிமான், பத்தடி தள்ளி, யாரோ போட்ட இளநீர்க் கூட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. வளையத்தை ஒரு திருப்பு, 100 மிமீயில் அதன் மூக்கும் இளநீர்க் கூடும். பையைத் திறந்து லென்ஸ் மாற்றியிருந்தால் மான் போயிருக்கும்.

குறைகளைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. டெலி முனையில் துவாரம் எஃப்/5.6, எஃப்/6.3 என்று சுருங்கிவிடும். அந்தியில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறிப் படம் ரவை மாதிரி ஆகும். 18-300 மாதிரி நீண்ட ஜூம்களில் கடைசி முனை கொஞ்சம் மங்கல்தான். இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். இந்த லென்ஸ்கள் நீட்டும்போது காற்றை உள்ளே இழுத்து, சுருக்கும்போது வெளியே விடுகின்றன, சைக்கிள் பம்பு மாதிரி. தீவில் அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும். ஊர் திரும்பியதும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் உள்ளே பூஞ்சை கோலம் போடும்.

அகலம் போதாமல் தவித்ததும் இந்தப் பயணத்தில்தான். செல்லுலார் சிறை முதலில் ஏழு சிறகுகளோடு கட்டப்பட்டது, இன்று நிற்பவை மூன்று. நடுக் கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் அவை விரிந்து போவது தெரியும். 18 மிமீயில் இரண்டு சிறகைச் சேர்த்துப் பிடிக்கவே முதுகு சுவரில் முட்டியது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, நடந்துகொண்டே எடுக்கிறவர்களுக்கு, படகிலேயே பாதி நாள் கழிப்பவர்களுக்கு இதுதான். சின்ன வகையா நீள வகையா என்று கேட்டால், பறவை மேல் ஆசை இல்லாதவர்களுக்குச் சின்னதே போதும்.

## கூட்டணி 3: வைடும் டெலியும்

10-18உம் 55-250உம். பெரும்பாலானவர்கள் மயங்குவது இதில்தான், நானும் மயங்கியிருக்கிறேன். கேனானின் இந்த இரண்டும் சேர்ந்து 615 கிராம். 10 மிமீயிலிருந்து 250 வரை எல்லாமே பையில் இருக்கிற மாதிரி ஒரு பிரமை. நடுவில் 18-லிருந்து 55 வரை இல்லை என்பது தீவில் இறங்கிய பிறகுதான் உறைக்கும். மனிதர்கள் இருப்பது அந்த நடுவில்தான்.

வைடு பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை என்றாலே வைடு வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வெறும் கடற்கரையை 10 மிமீயில் எடுத்துப் பாருங்கள். பாதி வானம், பாதி மணல், நடுவில் ஒரு நூல். அந்த நூல்தான் கடல். கண்ணுக்கு முன்னால் அவ்வளவு பெரிதாக விரிந்த கடலைப் படத்தில் நூலாக்கிவிடும். வைடுக்கு முன்னால் ஏதாவது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்: சாய்ந்த மரம், பாறைக்குழியில் தேங்கிய தண்ணீர், படகின் மூக்கு. நீல் தீவின் இயற்கைப் பாலம் அப்படிப்பட்ட இடம். அலை வற்றிய நேரத்தில் பாறைகளின் மேல் நடந்து போய், வளைவுக்குக் கீழே நின்று எடுக்க 10 மிமீ வேண்டும். 18-ல் பாலத்தின் ஒரு கால் வெட்டுப்படும். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, பாராடாங் சுண்ணாம்புக் குகை இவற்றிலும் வைடுக்கு வேலை உண்டு. ராதாநகரில் பெரிதாக இல்லை.

டெலிக்கான இடம் சிடியா டாப்பு. இந்தியில் சிடியா என்றால் பறவை, பெயரிலேயே பறவை இருக்கிறது. வெண்வயிற்றுக் கடற்கழுகு, கிளிகள், மீன்கொத்திகள். 250 மிமீ ஏபிஎஸ்-சியில் 400 மாதிரி வேலை செய்யும். கழுகு கிடைக்கும், அதன் கண் கிடைக்காது.

இனிச் செலவுகள். 10-18-க்கு ஃபில்டர் அளவு 67 மிமீ, 55-250-க்கு 58. பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் இரண்டு வாங்கவேண்டும், அல்லது 67-ல் ஒன்றும், அதைச் சின்ன லென்ஸில் மாட்ட ஒரு ஸ்டெப்-அப் வளையமும். அதிலும் வைடு லென்ஸில் போலரைசர் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று பட்டை விழும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு நாளைக்கு எட்டு பத்துத் தடவையாவது கழற்றி மாட்டுவீர்கள். இரண்டு கேமரா பாடி இருந்தால் இந்தக் குறை தீரும்.

படம் எடுப்பதற்காகவே போகிறவர்களுக்கு, அதுவும் தனியாகவோ இன்னொரு கேமராப் பைத்தியத்தோடோ போகிறவர்களுக்கு இது நல்ல கூட்டணி. மாமியாரோடு போகிறவர்களுக்கு அல்ல.

## கூட்டணி 4: எஃப்/2.8 ஜூம் ஒன்று

முன்பெல்லாம் எஃப்/2.8 என்றாலே கனம். கேனானின் பழைய 17-55 எஃப்/2.8 645 கிராம். சிக்மாவின் 18-50 எஃப்/2.8 வந்த பிறகு கதை மாறிவிட்டது. மிரர்லெஸ் கேமராக்களுக்கான அந்த லென்ஸ் 290 கிராம்தான். கிட் லென்ஸைவிடக் கொஞ்சம் கனம், ஜூமின் நீள முனையில் நான்கு மடங்கு வெளிச்சம்.

கழற்ற வேண்டாம், அந்தியிலும் குகையிலும் தைரியமாக எடுக்கலாம், முகங்கள் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். ஆனால் ஆட்டத்தைத் தாங்கும் வசதி இந்த லென்ஸுக்குள் இல்லை, பாடியிலும் இல்லாவிட்டால் குகையில் கை நடுக்கம் தெரியும். 50 மிமீயோடு முடிந்துவிடுவதால் தூரத்துப் படகு புள்ளிதான். விலையும் குறைவில்லை. இதை அந்தமானுக்காக மட்டும் வாங்கினால் நஷ்டம், ஊரில் கல்யாணம், காதுகுத்து, குழந்தைகள் என்று ஆண்டு முழுவதும் ஓட்டுவீர்கள் என்றால் லாபம். அப்படிப்பட்டவர்கள் தீவுக்கும் இதையே யோசிக்காமல் எடுத்துப் போகலாம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | கிட் + பிரைம் | ஒரே ஜூம் | வைடு + டெலி | எஃப்/2.8 ஜூம் |
|---|---|---|---|---|
| வெளியில் கழற்றும் தேவை | குறைவு | இல்லை | மிக அதிகம் | இல்லை |
| பகல் வெயில் | போதும் | போதும் | போதும் | போதும் |
| அந்தி, குகை | பிரைம் கைகொடுக்கும் | திணறும் | திணறும் | நன்று |
| கட்டடம், பாறைப் பாலம் | சுமார் | சுமார் | மிக நன்று | சுமார் |
| பறவை | இல்லை | ஓரளவு, 300 வரை போனால் | நன்று | இல்லை |
| எடை | 350-400 கிராம் | 310-620 கிராம் | சுமார் 600 கிராம் | சுமார் 300 கிராம் |
| உடன்வரும் செலவு | குறைவு | சின்னது என்றால் நடுத்தரம் | ஃபில்டர் இரட்டிப்பு, சென்சார் சுத்தம் | லென்ஸ் விலையே |

150-600 மாதிரிப் பெரிய டெலிகளைச் சேர்க்கவில்லை. இரண்டு கிலோ சுமந்து பறவைக்காகவே போகிறவர்கள் என்னிடம் கேட்கவேண்டிய அவசியமில்லை. தண்ணீருக்கடியில் எடுக்க எந்த லென்ஸும் உதவாது. பத்து மீட்டர் வரை தாங்கும் ஆக்‌ஷன் கேமரா ஒன்றை இரவல் வாங்குங்கள், ஸ்கூபா செய்தால் பெரும்பாலும் அழைத்துப் போகிறவர்களே எடுத்துத் தருவார்கள்.

## எதைத் தேர்ந்தாலும்

போலரைசர் வாங்குங்கள். புது லென்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் காலை பத்து மணிக்கு, சூரியனைப் பக்கவாட்டில் வைத்து, வளையத்தை மெல்லத் திருப்பினால் தண்ணீர் மேல் இருந்த வெள்ளைப் பளபளப்பு கழன்று விழும். கீழே மணல் வரிகளும் பவளத் திட்டுகளும் தெரியவரும். இதை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), வெயிலில் அது பொருட்டில்லை. அந்தியில் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் கண்ணாடியில் ஆவி படிவது. ஹேவ்லாக்கின் காலாபத்தர் கடற்கரையில் உதயம் எடுக்க, ஜனவரியில் ஒரு நாள் ஐந்து மணிக்கு எழுந்தேன். ராத்திரி முழுக்க ஏசி 20-ல் ஓடிய அறை. கேமராவோடு ஆட்டோவில் ஏறினேன், கடற்கரையில் இறங்கி மூடியைத் திறந்தால் கண்ணாடி முழுக்க ஆவி. சட்டை நுனியில் துடைத்தேன். துடைத்த இடத்திலேயே மறுபடி படிந்தது. பின்னால் உள்ள கண்ணாடியிலும் படிந்திருந்தது, அதைத் துடைக்கக் கழற்ற முடியாது. ஐந்தே முக்காலுக்கு ஆரஞ்சு உருண்டை மேலே வந்தது. என்னிடம் இருப்பது மஞ்சள் மூட்டம் போட்ட பன்னிரண்டு படங்கள். இப்போதெல்லாம் ராத்திரியே கேமராப் பையை ஜிப் போட்டு, ஏசி படாத பால்கனிப் பக்கமோ குளியலறையிலோ வைத்துவிடுகிறேன். மறந்துவிட்டால், வெளியே கொண்டுபோய்ப் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடவேண்டும்.

பாராடாங் போகும் சாலை ஜாரவா மக்களின் காப்பகத்துக்குள் போகிறது. அந்த வழியில் எந்த லென்ஸும் வெளியே வரக்கூடாது, அவர்களைப் படமெடுப்பது சிறைக்குப் போகிற குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம். விமான நிலையம் கடற்படையும் பயன்படுத்தும் இடம், அங்கேயும் பையிலேயே இருக்கட்டும்.

## அப்போ, எது?

மூன்றாவது பயணத்தில் 18-135 ஒன்று, 35 எஃப்/1.8 ஒன்று. வெளியில் 18-135ஐக் கழற்றவே இல்லை. மாலை அறைக்குத் திரும்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து 35-க்கு மாற்றுவேன், காலையில் கிளம்பும் முன் மறுபடி மாற்றுவேன். சென்சாரில் ஒரு புள்ளி இல்லை. எனக்கு விடை இது, ஏனென்றால் நான் குடும்பத்தோடு போகிறவன், பறவையை விட ஆட்களைப் படம் பிடிக்கிறவன்.

18-55உம் 55-250உம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: எதையும் வாங்காதீர்கள், எதையும் விற்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு லென்ஸ். ஹேவ்லாக், நீல், ராஸ் நாட்களில் 18-55. சிடியா டாப்பு மாலைக்கு 55-250. அறையை விட்டுக் கிளம்பும்போது எது மாட்டியிருக்கிறதோ அதுதான் அன்றைக்கு.

போன டிசம்பரில் ஒரு நண்பருக்கு இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். "சரி சரி, நீங்க சொல்றதுதான் சரி" என்றார். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி போன். "10-18 வாங்கிட்டேன். அதுக்கு ஃபில்டர் என்ன சைஸ்?"

67 மிமீ என்றேன்.